பேச்சில்லாத லைன்

போன மாதம் நம் டெலிபோன் இலாகாவில் உங்கள் கம்ப்யூட்டர் பிரிவுக்கு என்னை அழைத்திருந்தீர்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு ஒரு சால்வை போர்த்தி, டீ கொடுத்து அனுப்பிவிடுவதுதான் வழக்கம். நீங்கள் அதோடு விடாமல், பக்கத்தில் உட்காரவைத்து உங்கள் வேலையையும் காட்டினீர்கள். அன்று உங்களுக்குள் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ தூரத்தில் இருக்கிற கம்ப்யூட்டருக்குள் இங்கிருந்தே நுழைந்து வேலை பார்க்கிறவர்கள், எதையும் தட்டாமல் சும்மா இருந்தால், எவ்வளவு நேரம் கழித்து அவர்கள் தொடர்பைத் தானாகத் துண்டிப்பது என்பதுதான் விஷயம்.

"சும்மா இருக்கறவனுக்கு எதுக்கு சார் லைன்? வெளியில எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்கான்" என்றார் ஒருவர். "நான் சும்மா இல்ல, யோசிச்சிட்டிருந்தேன். அதுக்குள்ள என்னை வெளிய தள்ளிடுச்சு" என்றது ஒரு பெண். கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க மேடம்" என்று சிரித்தீர்கள்.

நான் பதில் சொல்லவில்லை. வயசானவளுக்கு விஷயம் புரியவில்லை என்று நினைத்திருப்பீர்கள். புரிந்தது. சொல்ல ஆரம்பித்தால் நடுவில் குரல் போய்விடும் என்று பயந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு உங்கள் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் சும்மா கிடக்கிற லைனைத் துண்டிப்பதுதான் பல வருஷம் என் பிழைப்பு. எழுபதுகளின் பின்பாதியில் ஆம்பூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆப்பரேட்டராக இருந்தேன். வெளியூருக்குப் பேசவேண்டும் என்றால் அப்போது எங்களிடம் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். முறை வரும்போது நாங்கள் அந்த ஊர் ஆப்பரேட்டரைப் பிடித்து, பலகையில் ஒரு கார்டை, அதாவது முனையில் பின் வைத்த வயரைச் செருகி இந்தப் பக்கத்து ஆளையும் அந்தப் பக்கத்து ஆளையும் இணைப்போம். பேசி முடித்ததும் கார்டைப் பிடுங்குவோம். மெட்ராசுக்கு எங்களிடம் இருந்தவை இரண்டே லைன்கள். தோல் கம்பெனிகள் நிறைந்த ஊருக்கு அது எம்மாத்திரம்? காலையில் நான் ஜோலார்பேட்டையிலிருந்து பாசஞ்சரில் வந்து இறங்கி ஹெட்போனை மாட்டும்போதே முன்பதிவு வரிசை நீண்டு கிடக்கும்.

இணைத்த லைனை நாங்கள் அவ்வப்போது காதில் வாங்கிப் பார்ப்பது உண்டு. அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்க அல்ல. பேச்சு நடக்கிறதா, முடிந்துவிட்டதா என்று பார்க்கத்தான். பேச்சு இல்லாவிட்டால், "பேசறீங்களா?" என்று கேட்கவேண்டும். பதில் வராவிட்டால் இன்னொரு முறை. அப்போதும் இல்லையென்றால் பிடுங்கிவிட வேண்டும். இதுதான் விதி.

இந்த விதி கொடுமையானது என்று நினைத்துவிடாதீர்கள். அது ஏன் வேண்டும் என்பதை ஒரு தோல் வியாபாரிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். மெட்ராஸ் பெரியமேட்டில் அன்றைக்குத் தோல் என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளத் தினமும் காலையில் பேசுவார். பேசி முடித்ததும் போனை வைக்கமாட்டார். ரிசீவரைக் கழற்றி மேஜைமேல் போட்டுவிடுவார். "பேசறீங்களா?" என்று கேட்டால், "பேசறோம்மா, அந்தாண்ட ஆளு உள்ள போயிருக்காரு" என்பார். வேலைக்குப் புதிதான நான் நம்பினேன். ஒருநாள் அவருக்குப் போட்டியான இன்னொரு வியாபாரி நேராக எங்கள் ஜன்னலுக்கே வந்துவிட்டார்.

"அம்மா, அந்த பாய் லைனைப் புடிச்சி வெச்சிக்கினு நாஷ்டா துன்னுக்கினு இருக்காரு. நான் கண்ணால பாத்துட்டு வர்றேன். எனக்கு வெல தெரியறதுக்குள்ள அவரு ஊர்ல இருக்கற சரக்கெல்லாம் வாங்கிடுவாரு. இன்னா நியாயம் இது?"

எங்கள் சூப்பர்வைசர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு சிடுமூஞ்சி. சிரித்து யாரும் பார்த்ததில்லை. "லைன் யார் வீட்டு சொத்தும் இல்லம்மா. ரெண்டு தடவை கேளு, எடுத்துடு. மூஞ்சி பாக்காதே" என்றார். அதற்குப் பிறகு நான் மூஞ்சி பார்க்கவில்லை. ஆம்பூரில் என்னைப்போலச் சட்டென்று கார்டு பிடுங்குகிறவள் இல்லை என்று பெயரே வாங்கினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இனி முருகேசன் விஷயத்துக்கு வருகிறேன்.

முருகேசன் நாட்றம்பள்ளிப் பக்கத்துக் கிராமத்து ஆள். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. மனைவி மல்லிகா முதல் பிரசவத்துக்காக மெட்ராசில், பெரம்பூரில் இருந்த அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எங்கள் எக்ஸ்சேஞ்ச் வாசலில் இருந்த பொது போன் கூண்டுக்கு வருவான். கூடவே அவனுடன் வேலை செய்யும் காதர் வருவான். இருவரும் அப்படி ஒரு தோஸ்த். பெரம்பூர் வீட்டுக்கு எதிரே ஒரு மளிகைக் கடையில் போன் இருந்தது. கடைக்காரர் குரல் கொடுத்தால் மல்லிகா வந்து பேசுவாள். முருகேசன் கத்துகிற கத்தலில் போன் இல்லாமலே மெட்ராசுக்குக் கேட்டுவிடும். கூண்டுக்கு வெளியே நின்று காதர் கிண்டல் செய்வான். இதெல்லாம் எங்கள் காதிலும் விழும். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நிர்மலாவும் சிரித்துக்கொள்வோம்.

அது மழைக்காலம். மெட்ராஸ் லைன்கள் இரண்டில் ஒன்று பழுதாகி, ஒன்றைவைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். வாரத்தின் நடுவில் ஒருநாள், மத்தியானம், காதர் தனியாக வந்தான். முழங்கால் வரை கறுப்புச் சேறு காய்ந்திருந்தது. சட்டை நனைந்திருந்தது. தோல் கம்பெனி ஊரில் இருந்துகொண்டு நாற்றத்தைப் பற்றிப் பேசக்கூடாது. ஆனால் அன்று அவன்மேல் வந்தது நான் அறியாத நாற்றம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பெரம்பூருக்கும்மா. அர்ஜென்ட்."

"முருகேசன் வரலியா?"

அவன் வாய் கோணியது. "கழிவுத் தொட்டி அடைச்சிக்கிச்சு. ஏழுமலைன்னு ஒரு பையன் மொதல்ல எறங்கினான். மயக்கம் போட்டு உழுந்துட்டான். அவனைத் தூக்கறேன்னு முருகேசன் எறங்கினான். உள்ள விஷக் காத்து. நாங்க கயிறு போட்டு இழுத்தோம்மா." கொஞ்சம் நிறுத்தினான். "ஏழுமலைக்கு மூச்சு இருந்திச்சி. வேலூர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துனு போயிட்டாங்க. முருகேசன் போய்ட்டான்."

வரிசையில் இருந்த எல்லோரையும் தாண்டி அவனுக்கு லைன் போட்டேன். அவனைக் கூண்டுக்குள் போகச் சொன்னேன்.

மளிகைக் கடைக்காரர் போனை எடுத்தார். மல்லிகாவைக் கூப்பிட ஆள் போனது. நிறைமாதக்காரி, மூச்சு வாங்க வந்து ரிசீவரை எடுத்தாள்.

"இன்னா, ஞாயித்துக்கெழமை வரைக்கும் பொறுக்க முடியலியா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"தங்கச்சி, நான் காதர்."

"காதர் அண்ணனா? அவரு எங்க?"

காதர் பேசவில்லை.

"அண்ணே? கேக்குதா? ஹலோ?"

அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். இரண்டு மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு அவளும் நிறுத்திவிட்டாள். ஆனால் போனை வைக்கவில்லை. லைனில் ஒன்றுமே இல்லை. இந்தப் பக்கம் ஒரு மூச்சு, அந்தப் பக்கம் ஒரு மூச்சு. மளிகைக் கடை வாசலில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

விதிப்படி நான் கேட்கவேண்டும். "பேசறீங்களா?" கேட்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சில்லாத ஒரு லைனைக் கேட்டுக்கொண்டு, கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார். "இன்னாம்மா, லைன் சும்மா கெடக்குது?"

"ரெண்டு பக்கமும் ஆளு இருக்காங்க சார்."

அவர் நிர்மலாவின் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தன் மேஜைக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் உள்ளூர் போன் அடித்தது. அந்தத் தோல் கம்பெனி மேனேஜர். நிர்மலா எடுத்தாள். அவர் கத்தியது ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது.

"மெட்ராஸ் லைன் குடும்மா! ஏழுமலையோட அப்பா அங்க ஒரு மெஸ்ல சமையல்காரரு. டாக்டரு கைய விரிச்சிட்டாரு, உடனே வரச் சொல்லுங்கன்றாரு. சாயங்கால ரயிலைப் புடிச்சாதான் புள்ளைய உசுரோட பாப்பாரு. இன்னா பேஜாரும்மா இது, ஒரு லைன் இல்லியா ஊர்ல?"

சூப்பர்வைசர் மறுபடியும் எழுந்து வந்தார். இந்த முறை என் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எடுத்துடும்மா. வேற வழி இல்ல. போனவன் போய்ட்டான். இருக்கறவனைப் பாக்கணும்."

அவர் சொன்னது சரி. அதை இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் மல்லிகாவுக்கு இன்னும் யாரும் எதையும் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் லைனைப் பிடுங்கினால் அந்த மளிகைக் கடையில் அவள் செத்த ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பாள். மறுபடி அவளுக்கு எப்போது லைன் கிடைக்கும் என்று எனக்கே தெரியாது.

"கேட்டுட்டு எடுக்கறேன் சார்."

"இன்னாத்தக் கேப்பே? பார்ட்டிகிட்ட நாம அதெல்லாம் பேசக்கூடாது."

"தெரியும் சார். கேட்டுட்டு எடுக்கறேன்."

அவர் மறுக்கவில்லை. நிர்மலாவிடமிருந்து ரிசீவரை வாங்கி, மேனேஜரின் கத்தலைத் தானே வாங்கிக்கொண்டார். "ஆவுது சார், ஆவுது" என்று அவர் கெஞ்சியதை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை.

நான் லைனுக்குள் நுழைந்தேன். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று யோசிக்க நேரம் இல்லை. "அம்மா, நான் ஆம்பூர் ஆப்பரேட்டர் பேசறேன்" என்றேன்.

மறுமுனையில் அவள் உடனே கேட்டாள். என்னிடம்தான் கேட்டாள். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க. அவரு போய்ட்டாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் காதர் பேசிவிட்டான். ஊர் பேர் தெரியாத ஒருத்தி வாயால் அவள் இதைக் கேட்கக்கூடாது என்று அவனுக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

"ஆமா தங்கச்சி. போய்ட்டான். தொட்டில உழுந்த பையனைத் தூக்க எறங்கினான். உசுரோட மேல வரல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் சொன்னேன். "அம்மா, உங்க வீட்டுக்காரர் காப்பாத்தப் போனாரே, அந்தப் பையன் வேலூர் ஆஸ்பத்திரியில உயிரோட இருக்கான். பொழைப்பானான்னு தெரியல. அவங்க அப்பா மெட்ராஸ்லதான் இருக்காரு. அவருக்குத் தகவல் சொல்லணும். எங்ககிட்ட இருக்கறது இந்த ஒரு லைன்தான்."

அவள் பேசவில்லை. இந்த முறை எனக்கு அவசரம் தெரியும். பின்னால் சூப்பர்வைசர் மேனேஜரைச் சமாதானம் செய்துகொண்டிருப்பதும் கேட்டது. ஆனாலும் காத்திருந்தேன்.

"குடுத்துடுங்க அக்கா" என்றாள். "அவங்களாவது போய்ப் பாக்கட்டும்." பிறகு, "காதர் அண்ணே, நான் வர்றேன். நான் வர்ற வரைக்கும் அவரை எடுத்துடாதீங்க" என்றாள்.

"எடுக்க மாட்டோம் தங்கச்சி. நான் பக்கத்துலயே இருக்கேன்."

கார்டைப் பிடுங்கினேன். அதே துளையில் அடுத்த அழைப்புக்கான கார்டைச் செருகினேன். மெஸ் முதலாளி போனை எடுத்தார், சமையற்கட்டிலிருந்து ஏழுமலையின் அப்பாவைக் கூப்பிட்டார். மேனேஜர் அவரிடம், "ஒடம்பு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குது, உடனே பொறப்பட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். "வர்றேங்க, இதோ வர்றேங்க" என்றார் அவர். எவ்வளவு ஜாஸ்தி என்று கேட்கவில்லை. அந்தப் பேச்சு சீக்கிரமே முடிந்துவிட்டது.

நிர்மலாவிடம் பலகையை விட்டுவிட்டு வெளியே போனேன். காதர் இன்னும் கூண்டுக்குள்தான் இருந்தான். ரிசீவர் காதில் இருந்தது. நான்தான் வாங்கி மாட்டினேன்.

"வாய் வரலம்மா எனக்கு" என்றான். "வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கினே வந்தேன். அது சிரிச்சிக்கினே எடுத்திச்சா, அப்படியே போயிட்டிச்சி."

அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மழையிலேயே கம்பெனிப் பக்கம் நடந்தான். சொன்னபடி, மறுநாள் மல்லிகா தன் அம்மாவோடு வந்து சேரும்வரை முருகேசனின் பக்கத்தை விட்டு அவன் நகரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சாயங்காலம் டியூட்டி முடிந்து கிளம்பும்போது சூப்பர்வைசர் என்னை நிறுத்தினார். விதியை மீறிப் பேசியதற்கு விளக்கம் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வேறு ஒன்று கேட்டார். "இன்னிக்கி நீ செஞ்சத ரூல்ல சேக்கணும்னா இன்னான்னு எழுதுவே?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியல சார்."

"எனக்கும் தெரியல" என்றார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அதைப் பற்றி அவர் மறுபடி பேசவே இல்லை. விதியும் மாறவில்லை. மறுநாள் காலை அந்தத் தோல் வியாபாரி வழக்கம்போல ரிசீவரை மேஜைமேல் போட்டார். இரண்டு தடவை கேட்டுவிட்டு நான் பிடுங்கினேன்.

அதனால் உங்களில் யார் பக்கமும் நான் பேசப்போவதில்லை. நேரம் வைக்கத்தான் வேண்டும். வைக்காவிட்டால், இருக்கிற லைனை எவனோ ஒருவன் பிடித்துவைத்துக்கொண்டு நாஷ்டா பண்ணுவான். வாசலில் நிற்கிறவனுக்குக் கிடைக்காது. ஆனால் லைன் பேசாமல் இருக்கிறது என்பது ஒன்று, லைனில் ஆள் இல்லை என்பது வேறு. உங்கள் மெஷினுக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். இரண்டாவதை அது தெரிந்துகொள்ள வழி இல்லை. அதனால் துண்டிக்கும் முன்பு ஒரு வார்த்தை கேட்கும்படி செய்துவையுங்கள். ஏன் துண்டிக்கிறோம் என்பதையும் சொல்லும்படி செய்யுங்கள். அவர்கள் பாதி செய்துவைத்த வேலை அழியாமல் இருக்க வழி இருந்தால் அதையும் செய்யுங்கள். உங்களால் இதெல்லாம் முடியும் என்று அன்று அந்தப் பெண்தான் எனக்குச் சொன்னது. காரணம் தெரிந்தால், விட்டுக்கொடுக்க முடியாததைக்கூட மனிதர்கள் விட்டுக்கொடுப்பார்கள். அதை நான் என் காதால் கேட்டேன்.

இதுவரை எழுதியதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மல்லிகாவைப் பிறகு ஒரு முறை பார்த்தேன். அதைச் சொல்லாமல் விட்டால், நான் என்னவோ சாதித்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

அடுத்த வெயில் காலம் உச்சத்தில் இருந்தது. இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு ஜன்னலுக்கு முன்னால் ஒருத்தி வந்து நின்றாள். நான் வேலையிலிருந்து நிமிராமல், "எந்த ஊருக்கும்மா?" என்று கேட்டேன். நிமிர்ந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானா அக்கா அது?" என்றாள். அவள் முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

கம்பெனியில் ஏதோ கையெழுத்துப் போட வந்தாளாம். சாயங்காலமே மெட்ராஸ் திரும்பவேண்டுமாம். "போன் பேச வரலக்கா. உங்களைத்தான் ஒண்ணு கேக்கணும். அந்தப் பையன், ஏழுமலை, பொழைச்சிக்கினானா? காதர் அண்ணனைக் கேட்டா பேச்சை மாத்தறாரு."

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை.

"இல்லம்மா. மறுநாள் காலைல போய்ட்டான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். குழந்தை ஜன்னல் கம்பியை எட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அவங்க அப்பா?"

"வந்துட்டாரு. அந்த ரயிலைப் புடிச்சிட்டாரு. காட்பாடில எறங்கி நேரா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டாரு. விடியற வரைக்கும் பையன் கையைப் புடிச்சிக்கினு கூடவே இருந்திருக்காரு. பையன் அவரைக் கண்டுக்கினானாம். நைனான்னு கூப்ட்டானாம்."

"கூப்ட்டானா?"

"கூப்ட்டான்."

அவள் நெற்றியைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பின்னால் நின்ற இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். நான் அவர்களைக் காத்திருக்கச் சொன்னேன். அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குழந்தையின் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

"சரிக்கா" என்றாள். "ஒருத்தருக்காவது பேசக் கெடைச்சுதே."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.